கொடிவழியில் ஒரு காலி வட்டம்

கொடிவழி என்ற கருவி வந்த பிறகு தட்டம்மைக்கு வாய் முளைத்துவிட்டது என்று டாக்டர் அங்கயற்கண்ணி அடிக்கடி சொல்வாள். அந்த வாயைப் பிடுங்குவதுதான் அவளுக்கு உத்தியோகம். மாவட்ட நோய்க் கண்காணிப்பு அதிகாரி என்று அறை வாசலில் பலகை தொங்கும். மேலச்சூரங்குளத்துக்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் அம்மைப் போலீஸ். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

முன்பெல்லாம் ஒரு வீட்டில் அம்மை போட்டால் அந்த வீட்டுக்கும் தெருமுனை வேப்பமரத்துக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது சாக்கடைக்குள் பதித்த குழாய் ஒன்று முதலில் மோப்பம் பிடித்துவிடும். பிறகு ஆட்கள் வந்து நோயாளியின் தொண்டையைத் துடைத்து எடுத்துப் போவார்கள். அதில் சிக்கிய கிருமியின் மரபணுவைக் கொடிவழி எழுத்தெழுத்தாகப் படித்து, யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று திரையில் ஒரு கொடியைப் படரவிடும். கொடியில் இருக்கும் ஒவ்வொரு வட்டமும் ஒரு ஆள்.

இதோடு விட்டிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நோய் தந்தவர் யார் என்று அறிந்துகொள்வது நோயாளியின் உரிமை என்று ஒரு சட்டமும் கூடவே வந்தது. அதிகாரி நேரில் போய் வாயால் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லப்போய் அக்கம்பக்கத்து ஊர்களில் நிச்சயதார்த்தம் முறிந்தது, வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வேறெங்கோ போன கணவன்மார் பிடிபட்டார்கள். இதெல்லாம் சிரிக்கக்கூடிய சங்கதி. சிரிக்க முடியாததும் ஒன்று நடந்தது. பொட்டலூரில் அம்மை கண்டு ஒரு குழந்தை இறந்துபோனது. கொடுத்தது எதிர்வீட்டுப் பிள்ளை என்று கொடிவழி சொன்னது. எதிர்வீட்டுக்காரியிடம் அதன்பிறகு ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அந்தக் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனது. எங்கே போனது என்று மட்டும் எந்தக் கருவியும் சொல்லவில்லை.

இப்போது மேலச்சூரங்குளத்துக் கொடியில் ஒரு வட்டம் பெயரில்லாமல் காலியாக நின்றது.

காலி வட்டத்துக்கு மேலே ஆதிரா என்ற ஆறு வயதுச் சிறுமி. கீழே நிலவன் என்ற ஐந்து வயதுப் பையன். ஆதிரா, சோணை மெஸ் முதலாளி சோணைமுத்துவின் பேத்தி. ஊசி போட வந்த நர்ஸின் கையைக் கடித்துவிட்டு ஓடியவள் என்பதால் அவளுக்குத் தடுப்பூசி விட்டுப்போயிருந்தது. வெளியூர்க் கல்யாணத்திலிருந்து அம்மையைக் கொண்டுவந்தாள், படுத்தாள், எழுந்தாள். இப்போது தெருவில் சைக்கிள் விடுகிறாள். நிலவன், வீரணன் மெஸ் முதலாளி வீரணனின் பேரன். அவனுடைய அம்மா தமிழ்மதி வேலைக்காக ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்ததில் அவனுக்கும் ஊசி தவறிவிட்டது. அவனைத்தான் அம்மை போட்டு வாட்டியது. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கி, அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் இந்த இரண்டு மெஸ்ஸும் எதிரெதிரே இருக்கின்றன. சோணைமுத்துவும் வீரணனும் ஒரு காலத்தில் ஒரே கடையில் கூட்டாளிகள். ஆட்டுக்கறிக் குழம்பில் கசகசா அரைத்து ஊற்ற வேண்டும் என்பது வீரணன் கட்சி. கசகசா போடுகிறவன் கறியை நம்பாதவன் என்பது சோணைமுத்து கட்சி. சண்டை முற்றிப் பிரிந்தார்கள், ஊரும் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கடையில் கை நனைத்தவன் சாகும்வரை எதிர்க்கடைப் படி மிதிப்பதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகம் கேட்பதற்கு முன்னால் எந்தக் கடை என்று கேட்ட கதையும் உண்டு.

இந்த ஊரில் போய், இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடமாடியவர் யார் என்று கேட்டால் யார் வாய் திறப்பார்கள்? அங்கயற்கண்ணியின் உதவியாளர், சுகாதார ஆய்வாளர் இன்பராஜ், ஊர் முழுக்க அலைந்துவிட்டு வந்தார். இரண்டு கடையிலும் சாப்பிடுவீர்களா என்று கேட்டதற்கே ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு அடிக்க வந்துவிட்டாராம்.

"காலியா விட்டுட்டு ஃபைலை மூடிரலாம் மேடம்" என்றார் இன்பராஜ்.

மூட முடியாது. காலி வட்டம் நிலவனுக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கும் என்று எப்படிச் சொல்வது? இன்னும் எத்தனை வீடுகளில் வேப்பிலைக்குப் பின்னால் பிள்ளைகளை ஒளித்துவைத்திருக்கிறார்களோ. அந்த வீடுகளில் ஊசி போடும் வயது வராத கைக்குழந்தைகள் இருந்தால், அவற்றுக்கென்று தனி மருந்து உண்டு. உடனே போட்டால்தான் பலன். ஊருக்கு எச்சரிக்கை விட்டால் எல்லாரும் வெளியே வருவார்கள். ஆனால் பொய் எச்சரிக்கைகளால் சில ஊர்களில் கல்லெறி நடந்ததால், வட்டத்தில் ஒரு பெயர் ஏறாமல் எச்சரிக்கை போகாதபடி கொடிவழிக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். ஊரில் ஏதோ ஒரு தொட்டிலில் ஒரு குழந்தை அந்தப் பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. அவளும் இந்த ஊர் மருமகள்தான். மாமனார் தங்கச்சாமி, வீரணன் கடைப் பலகையின் நிழலில்கூட நிற்காத சோணை கட்சிக்காரர். குடும்ப மரியாதையைக் காப்பாற்ற அவள் தினமும் மத்தியானம் சோணை மெஸ்ஸில்தான் சாப்பிடுவாள். கல்லாவில் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஆதிரா எல்லாருக்கும் உள்ளங்கை நிறையச் சோம்பு கொடுப்பாள். அம்மைப் போலீஸுக்கு மட்டும் ஒரு சிட்டிகை அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதை வேறு. அன்றைக்கு அவளுடைய வண்டி வீரணன் மெஸ்ஸின் பின்சந்தில் நிற்கும். வீரணனின் மனைவி பஞ்சவர்ணம் அடுக்களைக் கதவைத் திறந்து ஒரு கிண்ணம் குடல் குழம்பு கொடுப்பாள். அங்கயற்கண்ணி அங்கேயே நின்றபடி சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, கோயிலுக்குப் போய்விட்டு வருகிற முகத்தோடு வீட்டுக்குப் போவாள். பஞ்சவர்ணமும் புருஷனிடம்கூட இதைப்பற்றி மூச்சு விட்டதில்லை. வட்டத்துக்கு ஆள் தேடியபோது அங்கயற்கண்ணி தன்னைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. இரண்டு ஊசியும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டவள். கண்காணிக்கிற கண்ணைக் கண்காணிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது சோணைமுத்துவின் வீட்டு வாசலில்தான். விசாரணைக்கு மறுபடி போனவள், நிலைப்படியில் காய்ந்து தொங்கிய வேப்பிலைக் கொத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். எழுத்தெழுத்தாகக் கிருமியைப் படித்தவளுக்கு இது ஏன் உறைக்கவில்லை? அம்மை போட்ட வீட்டில் மூன்றாம் தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை தாளிப்புச் சத்தம் கேட்கக் கூடாது. அந்த வீட்டு ஆள் கறியைக் கையால் தொடக் கூடாது. சோணைமுத்து இதையெல்லாம் ஒரு இம்மியும் பிசகாமல் பார்க்கிறவர். ஆனால் அந்த நாட்களில் மெஸ் ஒருநாள்கூட மூடவில்லை. கறிக்குழம்பு கொதிக்கக் கொதிக்க வந்துகொண்டுதான் இருந்தது. அதுவும் என்ன குழம்பு. சோணை என்னமோ மந்திரம் போட்டுவிட்டான் என்று மாமனார் இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டார். அவளுக்கு அப்போதே சந்தேகம்தான். ஜலதோஷத்தில் மூக்கடைத்து இருமிக்கொண்டிருந்த இரண்டு நாட்களில்கூட அந்தக் கசகசா வழவழப்பு அவள் நாக்குக்குத் தெரிந்தது. வெளியே எப்படிச் சொல்வாள்? அந்த ருசி உனக்கு எப்படித் தெரியும் என்று மாமனார் கேட்டால் என்ன பதில்?

அவள் திண்டாடியது போதும் என்று நேராகவே கேட்டாள். "அண்ணே, ஆதிரா படுத்திருந்தப்போ உங்க கடைக்கு யாருண்ணே சமைச்சது?"

சோணைமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். திரும்ப மடித்தார். மறுபடி துடைத்தார். பிறகு உள்ளே பெண்கள் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

கடையை மூட அவர் முடிவு செய்திருந்தாராம். அன்றைக்கே வீரணன் ஆள் விட்டு அனுப்பினார். நீ கடையை மூடினால் உன் ஆட்கள் என் கடைக்கு வரப்போவதில்லை, பட்டினியாகத் திரும்பிப் போவார்கள், என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது, என் அடுப்பில் உனக்கும் சேர்த்து வைக்கிறேன், விடிவதற்கு முன் பின்வாசலில் வந்து எடுத்துக்கொள் என்று. தன் கைப்பக்குவத்தை எதிர்க்கட்சிக்காரர்கள் நக்கி நக்கிச் சாப்பிடப் போவதை நினைத்து அந்த மனிதருக்கு ஒரு குஷியும் இருந்திருக்க வேண்டும். சோணைமுத்து தினமும் போனார், அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிரிந்த கூட்டாளிகள் வருஷக்கணக்கில் பேசாத பேச்சையெல்லாம் அந்தப் பின்வாசலில் பேசித் தீர்த்தார்கள்.

"உங்களுக்குக் காய்ச்சல் ஏதும் அடிச்சதாண்ணே?"

"அடுப்படியில நிக்கிறவனுக்கு எது காய்ச்சல் எது சூடுன்னு எப்பிடித்தா தெரியும்? நெஞ்சுல கொஞ்சம் வேர்க்குரு மாதிரி வந்துச்சு. எதுக்குக் கேக்குறீங்க?"

அவள் விளக்கினாள். "கிருமி ஒரு ஆள்கிட்ட இருந்து இன்னொரு ஆளுக்குப் போறப்போ ஒரு எழுத்தை மாத்திக்கிட்டுப் போகும்ணே. ஆதிராகிட்ட இருந்ததுக்கும் நிலவன்கிட்ட இருக்கிறதுக்கும் ரெண்டு எழுத்து வித்தியாசம். நடுவுல ஒரு ஆள் இருந்தே ஆகணும்."

சோணைமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அந்தப் பச்சப்புள்ளைக்கு நானா குடுத்தேன்?" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "என் பேரைப் போட்டுக்கங்க டாக்டரம்மா. ஆனா ஒண்ணு. என்னைய உள்ள விட்டது யாருன்னு தமிழ்மதி கேக்கும்ல? அவங்கப்பன்தான்னு தெரிஞ்சா அது அவன் மூஞ்சியில முழிக்குமா? எனக்கு நல்லது செஞ்ச பாவத்துக்கு மகளை இழக்கணுமா அவன்?" என்றார்.

கடை போய்விடும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அங்கயற்கண்ணியைக் குடைந்தது. பொட்டலூரில் பூட்டிக் கிடக்கும் அந்த வீடு அவள் கண்முன் வந்தது. இன்னொரு பூட்டை அவள் கையால் போட வேண்டுமா? சட்டம் போடு என்றது. தொட்டிலில் கிடக்கும் ஏதோ ஒரு குழந்தை சீக்கிரம் என்றது. இரண்டுக்கும் நடுவில் அவளுடைய குறும்புப் புத்தி ஒரு சந்துவழியைக் கண்டுபிடித்தது. ஒரு பெயர்தானே வேண்டும்?

அலுவலகத்துக்குத் திரும்பியதும் காலி வட்டத்தைத் தொட்டு, தன் பெயரை ஏற்றினாள். இன்பராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"மேடம், இது பொய்ப் பதிவு. வேலை போயிரும்."

"நான் ரெண்டு கடையிலயும் சாப்பிட்டவ. அது பொய்யில்ல."

இன்பராஜ் அதிர்ந்தது முதல் விஷயத்துக்கா இரண்டாவதுக்கா என்று சொல்வது கடினம். அவர் வீரணன் கட்சி.

பெயர் ஏற்றினால் ரத்தமும் கொடுக்க வேண்டும் என்பது விதி. அம்மை போன பிறகும் கிருமியின் துணுக்குகள் ரத்தத்தில் கொஞ்ச காலம் தங்கும், அதைக் கொடிவழியால் படிக்க முடியும். ஊசி போட்ட என் ரத்தத்தில் என்ன இருக்கப்போகிறது, முடிவு தெளிவில்லை என்று வரும், அதற்குள் ஊர் தப்பித்துவிடும், பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று அவள் கையை நீட்டினாள்.

எச்சரிக்கை போனது. சோணை மெஸ்ஸிலும் வீரணன் மெஸ்ஸிலும் சாப்பிட்ட கண்காணிப்பு அதிகாரி மூலம் அம்மை பரவியிருக்கலாம், இந்தத் தேதிகளில் இரண்டு கடைகளுக்கும் போனவர்கள் பிள்ளைகளோடு முகாமுக்கு வரவும் என்று ஒவ்வொரு கைப்பேசியிலும் ஒலித்தது. அம்மையைக் கண்டு மேலச்சூரங்குளம் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அவள் இரண்டு கடையிலும் சாப்பிட்டதைக் கேட்டுத்தான் ஊரே கொதித்தது. டீக்கடைகளில் வேறு பேச்சில்லை. கணவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். மாமனார் தங்கச்சாமி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, மகனைப் பார்த்துச் சொல்வதுபோல் அவளுக்குச் சொன்னார்.

"வேற எதுனாலும் பொறுத்துக்கலாம்டா. கசகசாவுக்குப் போனவளை எப்பிடிடா பொறுக்கிறது?"

ஆனால் அந்தக் கோபம் ஒரு நல்ல காரியம் செய்தது. அம்மைப் போலீஸே இவ்வளவு வெட்கம் கெட்டவளாக இருக்கும்போது நமக்கென்ன என்று தோன்றியதோ என்னவோ, ஊர் வெளியே வந்தது. வேப்பிலைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த மூன்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒரு வீட்டில் பல் முளைக்காத ஒரு பெண்குழந்தை இருந்தது. மருந்தைத் தக்க சமயத்தில் போட்டார்கள். அது அங்கயற்கண்ணியின் விரலைப் பிடித்துக்கொண்டு ஓங்கி அழுதது. அந்த அழுகை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இரண்டு கடையிலும் சாப்பிட்டவர்கள் வேறு யாராவது உண்டா என்று முகாமில் தனியாகக் கேட்டபோது, ஒருவர் பின் ஒருவராகக் காதோடு காதாக ஒப்புக்கொண்டார்கள். பாதி ஊர் தேறியது. துண்டை உதறிக்கொண்டு வந்த பெரியவரும் அதில் இருந்தார்.

எல்லாம் அடங்கி அவள் நிம்மதியாக ஒரு காப்பி குடிக்க உட்கார்ந்தபோது, இன்பராஜ் திரையைப் பார்த்தபடியே கூப்பிட்டார்.

"மேடம், உங்க ரத்தம் வந்திருச்சு."

"தெளிவில்லைன்னு தானே?"

"ரொம்பத் தெளிவா இருக்கு. ஆதிராவுக்கு ஒரு எழுத்து கீழ, நிலவனுக்கு ஒரு எழுத்து மேல. அந்த வட்டம் நீங்கதான் மேடம். ஊசி போட்டவங்களுக்கு லேசா வந்துட்டுப் போறது உண்டு. அவங்க இன்னொருத்தருக்குக் குடுக்கிறது அபூர்வம்தான். ஆனா உண்டு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க பொய்ப் பதிவு போடல. வேலைக்கு ஆபத்தில்ல" என்றார்.

காப்பி ஆறிப்போனது. ஒரு சிட்டிகை அதிகமாகச் சோம்பு போட்ட அந்தச் சின்னக் கை. அதற்குப் பிறகு வந்த ஜலதோஷம். ஏசியைத் திட்டிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை பின்சந்துக்குப் போனது. அடுக்களைத் தரையில் உட்கார்ந்து வெள்ளைப்பூண்டு உரித்து விளையாடிக்கொண்டிருந்த பையன். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஊர் மூக்கையெல்லாம் மோப்பம் பார்த்தவள் தன் மூக்கை மட்டும் விட்டுவிட்டாள். ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்த நிலவனை அவள் இரண்டு தரம் போய்ப் பார்த்திருந்தாள். இரண்டு தரமும், யார் உன்னை இந்தப் பாடு படுத்தினார்கள் என்று மனசுக்குள் திட்டியிருந்தாள். இப்போது அந்தத் திட்டு முழுக்கத் திரும்பி வந்து அவள் மேல் விழுந்தது.

சட்டப்படி நேரில் போய்ச் சொல்ல வேண்டும். போனாள்.

நிலவன் தேறியிருந்தான். குழாயை எடுத்துவிட்டார்கள், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தமிழ்மதி மருந்து வாங்கப் போயிருந்தாள். ஒரு பக்கம் வீரணன், இன்னொரு பக்கம் தூக்குவாளியோடு சோணைமுத்து. ஆஸ்பத்திரியில் கட்சி கிடையாது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

"நிலவனுக்கு அம்மை என்கிட்ட இருந்துதான் வந்துச்சு" என்றாள் அவள். "ரத்தத்துல வந்திருச்சுண்ணே. இது நிஜம். என்னை மன்னிச்சிருங்க. தமிழ்மதிகிட்டயும் நானே சொல்லிடறேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சோணைமுத்து கண் கலங்கச் சிரித்தார். வீரணன் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். தமிழ்மதியிடம் அப்படியே சொல்லுங்கள், எங்களிடம் எதற்கு இந்த நாடகம் என்றார்.

"எங்க மானத்தைக் காப்பாத்த உங்க பேரைக் கெடுத்துக்கிட்டீக. ரத்தத்தையும் மாத்தி எழுதிட்டீகளா? பெரிய மனுசி தாயி நீங்க" என்றார்.

"மாத்தல அண்ணே. சத்தியமா நான்தான்."

"சரி சரி. நீங்கதான்" என்று வீரணன் கண்ணடித்தார். சோணைமுத்து தூக்குவாளியைத் திறந்து அவள் கையில் ஒரு கிண்ணத்தைத் திணித்தார். மிளகுக் குழம்பில் கசகசா மணந்தது. பொய் சொன்னபோது ஊரே நம்பியது. உண்மையைச் சொல்ல வந்தால் விருந்து வைக்கிறார்கள். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அவளை நம்பியவன் ஒருவன்தான். கட்டிலிலிருந்து அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான் நிலவன்.

"நீங்கதான்" என்றான். "அன்னைக்குக் குழம்பு குடிக்கையில என் மேல தும்முனீங்க."

பெரியவர்கள் இருவரும் தூக்குவாளியில் உப்பு சரியா என்று தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள், கேட்கவில்லை. அங்கயற்கண்ணி கட்டிலருகில் குனிந்தாள்.

"ஆமாப்பா. நான்தான். உனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"

அவன் யோசித்தான். சுவரில் அவளுடைய துறை ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"இனிமே கையை வச்சு மூடிக்கிட்டுத் தும்முங்க" என்றான்.

"சரி" என்றாள் மாவட்ட நோய்க் கண்காணிப்பு அதிகாரி.